கேமராவுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. மதிய உணவு இடைவேளை முடிந்து வகுப்புக்குச் சென்றுகொண்டிருந்த என்னிடம், சக ஆசிரியர் ஒருவர் தன் செல்போனை நீட்டினார். "சார், இதைக் கொஞ்சம் பாருங்க." பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எடுத்த வீடியோ அது. பள்ளிக்குச் செல்போன் கொண்டுவந்ததற்காக அவனிடமிருந்து வாங்கி வைத்திருந்தார்கள். நாற்பது விநாடி இருக்கும். சத்துணவுக் கூடத்துக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். என் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வேகமாக வந்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவனின் தட்டைக் காலால் எத்துகிறான். சோறு மண்ணில் சிதறுகிறது. இருவரும் கட்டிப் புரள்கிறார்கள்.

சோற்றுத் தட்டைக் காலால் எத்துவதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவனை எல்லார் முன்னாலும் எழுப்பி மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். மறுநாள் அம்மாவை அழைத்து வரச் சொன்னேன். அவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து, தலைகுனிந்து நின்றார். அதன் பிறகு நான்கு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள், சத்துணவு சமைக்கும் அம்மா தயங்கியபடி என்னிடம் வந்தார். "சார், வீடியோவுல பின்பாதிதான் இருக்கு. முன்பாதியை நான் பார்த்தேன்" என்றார். ஆறாம் வகுப்பில் படிக்கும் அவனுடைய தங்கையின் தட்டிலிருந்து மற்றவன் முட்டையை எடுத்திருக்கிறான். அது முதல் நாளும் அல்ல. "ரெண்டு பேரும் பங்காளி வீட்டுப் பிள்ளைங்க சார். பொதுக்கிணத்துத் தண்ணிக்காக ரெண்டு வீடும் பேசிக்கிட்டு ஆறு மாசமாச்சு. வீட்டுல பேசறதைத்தான் புள்ளைங்க இங்க வந்து பேசுதுங்க."

அந்த ஊரில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்த்த எனக்கு அது தெரியாது. அந்தத் தெருவில் வாழும் அவருக்குத் தெரிந்திருந்தது. வீடியோ பொய் சொல்லவில்லை. அவன் தட்டை எத்தியது உண்மை. ஆனால் ஏன் எத்தினான் என்பது அந்த வீடியோவுக்குள் இல்லை. அது சமையல்கார அம்மாவிடம் இருந்தது. அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதே சிக்கலோடு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டி வருகிறவர்கள் இரண்டு தொழிலைச் சேர்ந்தவர்கள்: மானிடவியலாளர்களும் ஆவணப்பட இயக்குநர்களும். அவர்கள் கூடி வேலை செய்த கதையை, வகுப்பறையில் தினமும் படம் காட்டுகிற நாம் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு தொழில், ஒரே களம்

மானிடவியலாளர் ஒரு சமூகத்தோடு மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் தங்குகிறார். அவர்களுடைய மொழியைக் கற்கிறார். யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரோடு பேசுவதில்லை, எந்தச் சடங்கை யார் செய்யலாம் என்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். ஆவணப்பட இயக்குநருக்கோ ஒளி, ஒலி, கோணம், நேரம் ஆகியவை தெரியும். எந்தக் கணத்தில் கேமராவை ஓடவிட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எடுத்ததை எப்படி அடுக்கினால் பார்ப்பவர் மனதில் நிற்கும் என்பது அவருடைய படிப்பு.

முன்னவருக்கு 'ஏன்' முக்கியம். பின்னவருக்கு 'எப்படி இருந்தது' முக்கியம். விளக்கம் இல்லாமல் படம் காட்டினால் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று மானிடவியலாளர் அஞ்சுகிறார். விளக்கிக்கொண்டே இருந்தால் படம் செத்துவிடும் என்று இயக்குநர் அஞ்சுகிறார். இருவர் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. இவர்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒருவர் உண்டு: படமாக்கப்படுகிறவர். அவரிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் இந்தக் கதையின் போக்கையே மாற்றிய கேள்வி.

ஒரே பயணத்தில் போன இரண்டு கருவிகள்

லூமியர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பரில். மூன்றே ஆண்டுகளில், 1898இல், கேமரா கள ஆய்வுக்குப் போய்விட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஆல்ஃபிரட் ஹாடன் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு, ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்றது. மெர் என்ற தீவில் ஹாடன் எடுத்த படத்தில் இன்று எஞ்சியிருப்பது நான்கு நிமிட அளவுதான். அதில் முகமூடி அணிந்த ஆண்கள் ஆடுகிறார்கள்.

பார்ப்பவருக்கு அது காலங்காலமாக நடந்துவரும் சடங்கு போலத் தோன்றும். ஆனால் கிறிஸ்தவ சமய ஊழியர்களின் வருகைக்குப் பிறகு அந்தச் சடங்கு அங்கே நின்று போயிருந்தது. பழைய முகமூடிகளும் இல்லை. படமெடுப்பதற்காகவே அட்டையில் புதிதாக முகமூடிகள் செய்யப்பட்டன. கேமரா ஆட்டத்தைப் பதிவு செய்தது. முகமூடி அட்டையால் ஆனது என்பதை அதனால் சொல்ல முடியவில்லை. ஆய்வாளர் எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது.

அதே பயணத்தில் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவரும் இருந்தார். அவர் அங்கே உருவாக்கிய கருவிக்கு இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. காகிதமும் பென்சிலும் போதும். ஒவ்வொருவரிடமும் "உன் அப்பா யார், அம்மா யார், உடன்பிறந்தோர் யார், யாரை மணந்தார்கள்" என்று பொறுமையாகக் கேட்டுக் கொடிவழி வரைவது. சில ஆண்டுகளில் அவர் நம் நீலகிரிக்கு வந்தார். 1901–02இல் தோடர்களிடையே தங்கி, அதே முறையில் குடும்பம் குடும்பமாகக் கொடிவழி எழுதி, 1906இல் தோடர்களைப் பற்றிப் பெரியதொரு நூலை வெளியிட்டார்.

கேமராவும் கொடிவழியும் இப்படி ஒரே பயணத்தில் களத்துக்குப் போயின. ஆனால் அவை இரண்டும் ஒரே படத்துக்குள் சேர்வதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பாலித் தீவில் மூன்று குறிப்பேடுகள்

இடையில் ஒரு முக்கியமான முயற்சி நடந்தது. 1936இல் அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் மீடும் ஆங்கிலேய மானிடவியலாளர் கிரிகரி பேட்சனும் திருமணம் செய்துகொண்டு, இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் சென்றார்கள். மலைப்பகுதியிலுள்ள பாயுங் கெடே என்ற கிராமத்தில் தங்கினார்கள். பாலி மக்கள் குழந்தையை எப்படித் தூக்குகிறார்கள், எப்படிக் குளிப்பாட்டுகிறார்கள், எப்படி நடனம் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பவற்றைப் பதிவு செய்வது அவர்கள் திட்டம். குழந்தை எப்படிக் கற்கிறது என்பது ஆசிரியர்களாகிய நமக்கும் உரிய கேள்விதானே!

பேட்சன் கேமராவைப் பிடித்தார். மீட் குறிப்பெழுதினார். ஐ மடே கலெர் என்ற பாலி இளைஞர் அவர்களுக்குச் செயலாளராக இருந்து, பேச்சையும் நிகழ்வையும் பாலி மொழியிலேயே எழுதினார். எல்லாக் குறிப்புகளிலும் கடிகார நேரம் இருக்கும். இந்தப் புகைப்படம் எடுத்தபோது தாய் என்ன சொன்னாள், அப்போது பாட்டி எங்கே இருந்தாள் என்பதைப் பின்னர் நேரத்தை வைத்துப் பொருத்திப் பார்க்கலாம். இப்படி ஏறத்தாழ 25,000 புகைப்படங்களும் 22,000 அடி 16 மி.மீ. படச்சுருளும் சேர்ந்தன. 1942இல் வெளிவந்த அவர்களின் நூலில் 759 படங்கள் நூறு பக்கங்களில் அடுக்கப்பட்டு, எதிர்ப்பக்கத்தில் விளக்கம் தரப்பட்டிருந்தது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1970களில், இருவரும் ஓர் உரையாடலில் கேமராவைப் பற்றி வாதாடினார்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, நீண்ட நேரம் அசையாமல் ஓடவிட வேண்டும், அப்போதுதான் பின்னால் வருகிற ஆய்வாளரும் அதை நம்பி ஆராய முடியும் என்பது மீடின் கருத்து. முக்காலியில் நிற்கும் கேமரா எதையும் உண்மையில் பார்ப்பதில்லை, பார்க்கிறவரின் கண்ணோடு அது நகர வேண்டும் என்பது பேட்சனின் கருத்து. ஒன்றாக வாழ்ந்து, ஒன்றாக ஆய்வு செய்த இருவருக்கே இதில் உடன்பாடு ஏற்படவில்லை.

கோடரிச் சண்டை

1971 பிப்ரவரி 28. வெனிசுவேலா நாட்டின் தென்கோடியில், அடர்ந்த காட்டுக்குள் யானோமாமி மக்களின் கிராமம் ஒன்று. இருநூற்றைம்பது பேருக்கு மேல் வாழ்ந்த பெரிய கிராமம். நெப்போலியன் ஷாக்னன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1964 முதல் யானோமாமி மக்களிடையே ஆய்வு செய்து வந்தவர். அவரோடு இயக்குநர் டிமதி ஆஷும் ஒலிப்பதிவாளர் கிரேக் ஜான்சனும் வந்திருந்தார்கள். படக்குழு அந்தக் கிராமத்துக்கு வந்து இரண்டாவது நாள்.

பிற்பகலில் திடீரென்று கூச்சல். ஆஷ் கேமராவை முடுக்கினார். ஒருவன் தடியோடு வருகிறான். இன்னொருவன் எதிர்க்கிறான். கூட்டம் கூடுகிறது. கொஞ்ச நேரத்தில் தடிகளின் இடத்தைக் கோடரிகளும் வெட்டுக்கத்திகளும் பிடிக்கின்றன. கோடரியின் மழுங்கிய பக்கத்தால் அடிபட்டு ஒரு இளைஞன் விழுகிறான். பெண்கள் உரக்கத் திட்டுகிறார்கள். சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. விழுந்தவன் எழுந்துவிடுகிறான். படச்சுருளில் பதிவானது சுமார் பத்து நிமிடம்.

யார் யாரை அடித்தார்கள், எதற்காக அடித்தார்கள் என்று எதுவுமே ஆஷுக்குத் தெரியாது. இந்தப் பத்து நிமிடத்தை வைத்து அவரும் ஷாக்னனும் உருவாக்கி, 1975இல் வெளியிட்ட 'கோடரிச் சண்டை' என்ற முப்பது நிமிடப் படம், மானிடவியல் வகுப்புகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. காரணம் அதன் அமைப்பு. ஒரே சண்டையை அது திரும்பத் திரும்ப, வேறு வேறு விதமாகக் காட்டுகிறது.

முதலில், எடுத்தது எடுத்தபடியே வருகிறது. விளக்கம் எதுவும் இல்லை. பார்க்கிற நமக்கும் ஒன்றும் புரிவதில்லை. பிறகு திரை இருட்டாகிறது. குழுவினர் பேசிக்கொள்வது மட்டும் கேட்கிறது. முறைதவறிய உறவுதான் சண்டைக்குக் காரணம் என்று ஷாக்னன் சொல்கிறார். அங்கே இருந்த ஒருவர் அப்படித்தான் அவரிடம் சொல்லியிருந்தார். அடுத்து எழுத்தில் ஒரு திருத்தம் வருகிறது: அந்த முதல் விளக்கம் தவறு.

தொடர்ந்து விசாரித்தபோது தெரிந்தது வேறு. சண்டையில் ஒரு தரப்பினர், முன்பு இதே ஊரில் இருந்து பிரிந்து போனவர்களின் கூட்டம். விருந்தாளிகளாக வந்தவர்கள் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டார்கள். வேலை செய்வதில்லை, உணவு மட்டும் கேட்கிறார்கள் என்று ஊரில் முணுமுணுப்பு இருந்தது. அன்று தோட்டத்தில் ஒரு விருந்தாளி, உள்ளூர்ப் பெண் ஒருத்தியிடம் வாழைக்காய் கேட்டிருக்கிறான். அவள் மறுத்திருக்கிறாள். அவன் அவளை அடித்திருக்கிறான். அவளுடைய உறவினர்கள் கேட்க வந்தார்கள். இப்போது படம் மெதுவாக ஓடுகிறது. அம்புக்குறி ஒவ்வொருவராகச் சுட்டுகிறது. பிறகு கொடிவழி வரைபடம் வருகிறது, எழுபது ஆண்டுகளுக்கு முன் ரிவர்ஸ் வரைந்ததைப் போன்றது. யாருக்கு யார் துணை நின்றார்கள் என்பது அதில் தெளிவாகிறது. கண்மண் தெரியாத கலவரம் போலிருந்தது உண்மையில் உறவுமுறையின் வரிசைப்படி நடந்திருக்கிறது.

கடைசியாக, அதே சண்டை வழக்கமான ஆவணப்படம் போலச் செப்பமாகத் தொகுத்துக் காட்டப்படுகிறது. கேமரா நின்ற இடைவெளிகளோ, குழுவினரின் குழப்பமோ, தவறான விளக்கமோ அதில் இல்லை. இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்திருந்தால், எடுத்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றே நம்பியிருப்போம். தங்கள் பிழையை வெட்டி எறியாமல் படத்துக்குள்ளேயே வைத்திருந்ததுதான் இந்தக் கூட்டு முயற்சியின் நேர்மை. முதன்முறை இதைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த நாற்பது விநாடி வீடியோவும், தங்கையின் தட்டில் இருந்த முட்டையும்தான் நினைவுக்கு வந்தன.

மாணவர்கள் கற்றுக்கொண்டது வேறு

இத்தோடு கதை முடிந்திருந்தால் நல்ல முடிவாக இருந்திருக்கும். ஆனால் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது.

ஆஷும் ஷாக்னனும் சேர்ந்து யானோமாமி மக்களைப் பற்றி இருபதுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கினார்கள். அப்பா பிள்ளைகளை ஆற்றில் குளிப்பாட்டுவது, சிறுவர்கள் விளையாடுவது, தோட்டத்தில் களையெடுப்பது போன்ற அமைதியான படங்களும் அவற்றில் உண்டு. பல்கலைக்கழக வகுப்புகளில் அவை பெருமளவில் காட்டப்பட்டன. பிற்காலத்தில் ஆஷ் பணியாற்றிய தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வில்டன் மார்ட்டினெஸ் என்பவர் ஓர் ஆய்வு செய்தார். இந்தப் படங்களைப் பார்க்கும் மாணவர்கள் உண்மையில் என்ன கற்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. கிடைத்த விடை ஆசிரியர்களை அதிரவைத்தது. பிற பண்பாட்டின் மீது மதிப்பு வளர்வதற்குப் பதிலாக, 'அவர்கள் காட்டுமிராண்டிகள்' என்று மாணவர்கள் முன்பே கொண்டிருந்த எண்ணம்தான் பலருக்கு உறுதிப்பட்டிருந்தது.

ஷாக்னன் 1968இல் எழுதிய நூலின் தலைப்பே யானோமாமியரை 'மூர்க்கமான மக்கள்' என்றது. இந்தச் சித்திரிப்பு ஏட்டுக்குள் மட்டும் தங்கவில்லை. 1980களின் இறுதியில் பிரேசில் பகுதியிலுள்ள யானோமாமி நிலத்துக்குள் தங்கம் தேடுவோர் ஆயிரக்கணக்கில் புகுந்தார்கள். மலேரியாவும் பிற நோய்களும் பரவி மக்கள் மடிந்தார்கள். நிலவுரிமைப் போராட்டம் நடந்த அந்தக் காலத்தில், இப்படியொரு பெயர் அம்மக்களுக்கு எதிராகப் பயன்படுவதைப் பிரேசில் மானிடவியலாளர்கள் கண்டித்தார்கள். யானோமாமித் தலைவர் டாவி கோபெனாவாவும் அந்தச் சித்திரிப்பை வெளிப்படையாக மறுத்தார். 1992இல்தான் பிரேசில் அரசு அவர்களின் நிலத்துக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

ஷாக்னனோடு கொண்டிருந்த கூட்டிலிருந்து ஆஷ் விலகிவிட்டார். ஆனால் கேள்வியை விட்டுவிடவில்லை. 'கோடரிச் சண்டை'யில் அறிஞரும் இயக்குநரும் பேசினார்கள்; சண்டையிட்ட எவரும் அந்தப் படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அடுத்த படத்தில் அவர் அதை மாற்றினார்.

தன்னைத் தானே பார்த்த ஜெரோ

லிண்டா கானர் என்ற ஆஸ்திரேலிய மானிடவியலாளர் 1970களில் பாலித் தீவில் கள ஆய்வு செய்தார். அங்கே ஜெரோ தபகன் என்ற பெண்மணியோடு அவருக்கு நெருக்கம் ஏற்பட்டது. ஜெரோ ஏழைக் குடும்பத்துப் பெண்; உடம்பு பிடித்துவிடும் வைத்தியமும், சாமி இறங்கிக் குறி சொல்வதும் அவர் தொழில். நம் ஊர்களில் குறி கேட்கப் போவதைப் போலவே அங்கும் குடும்பத்தோடு வந்து கேட்பார்கள். 1978இல் டிமதி ஆஷ் கேமராவோடு வந்தார். சிறு மகனை இழந்த ஒரு குடும்பம், அவன் ஏன் இறந்தான், அவனுக்கு என்ன சடங்கு செய்ய வேண்டும் என்று கேட்க ஜெரோவிடம் வந்தபோது அதைப் படமாக்கினார்கள். டிமதியின் மனைவி பேட்ஸி ஆஷ் படத்தைத் தொகுத்தார்.

1980இல் அவர்கள் படத்தை வீடியோவில் எடுத்துக்கொண்டு மறுபடியும் பாலிக்குப் போனார்கள். ஜெரோவின் முன் திரையிட்டார்கள். தன்னைத் திரையில் பார்க்கும் ஜெரோவையும், பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் கானரையும் ஆஷ் படமெடுத்தார். 'ஜெரோவைப் பற்றி ஜெரோ' என்று 1981இல் வந்த அந்தப் படம் இருபது நிமிடம்கூட இல்லை. சாமி இறங்கும்போது தனக்குள் என்ன நடக்கிறது, எந்த அளவு பணிவோடு அதற்கு முன் நிற்க வேண்டும், சூனியத்தைப் பற்றித் தான் என்ன நினைக்கிறார் என்பதையெல்லாம் ஜெரோவே சொல்கிறார். முதல் படத்துக்கு விளக்கவுரை வேறு யாரிடமிருந்தும் வரவில்லை; படத்தில் இருப்பவரிடமிருந்தே வந்தது.

இந்த நால்வரின் கூட்டு ஐந்து படங்கள் வரை நீண்டது. 1986இல் படங்களோடு சேர்த்துப் படிக்க ஒரு நூலும் வெளிவந்தது. படம் எடுக்கப்பட்ட சூழல், பேச்சின் மொழிபெயர்ப்பு, முடிவெடுத்ததில் ஏற்பட்ட தடுமாற்றங்கள் எல்லாம் அதில் உண்டு. ஆசிரியர் கையேடு இல்லாமல் படம் மட்டும் வகுப்புக்குப் போனால் என்ன ஆகும் என்பதை ஆஷ் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

கேமராவைக் கைமாற்றினால்?

இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. 1966 கோடையில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பைன் ஸ்பிரிங்ஸ் என்ற நவஹோ பழங்குடிக் குடியிருப்புக்கு, மானிடவியலாளர் ஜான் அடேரும் தகவல் தொடர்பியல் ஆசிரியர் சால் வொர்த்தும் சென்றார்கள். நவஹோ மக்களிடமே கேமராவைக் கொடுத்து, இயக்கவும் தொகுக்கவும் கற்றுத் தந்து, எதை எடுப்பது என்பதை அவர்களிடமே விட்டுவிடுவது அவர்கள் திட்டம்.

அனுமதி கேட்டபோது, ஊரின் மூத்த வைத்தியர் ஒருவர் கேட்ட கேள்வி புகழ்பெற்றது. படம் எடுப்பதால் ஆடுகளுக்கு ஏதாவது கெடுதல் வருமா என்று கேட்டார். வராது என்றார்கள். நன்மை உண்டா என்றார். அப்படியும் சொல்ல முடியாது என்றார்கள். பிறகு எதற்குப் படம் எடுக்க வேண்டும் என்றார் அவர். ஒவ்வொரு பள்ளிச் செயல்பாட்டின் போதும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

சூஸி பெனாலி என்ற இளம்பெண், நெசவு செய்யும் தன் தாயைப் படமெடுத்தார். நாமாக இருந்தால் தறியில் தொடங்கி, விரிப்பு முடிவதைக் காட்டி முடித்திருப்போம். அவர் படத்தில் தாய் நடக்கிறார், நடக்கிறார், நடந்துகொண்டே இருக்கிறார். சாயத்துக்கு வேர் தேடி நடக்கிறார், ஆட்டு ரோமம் கத்தரிக்கிறார், கழுவுகிறார், நூற்கிறார். நெசவு கடைசியில் கொஞ்சம்தான். முகத்தை மிக நெருக்கத்தில் காட்டும் காட்சிகளும் இந்தப் படங்களில் அரிது. ஒருவரை உற்றுப் பார்ப்பது அவர்கள் பண்பாட்டில் மரியாதை ஆகாது. நெசவு என்றால் என்ன என்று கேட்டால், அதற்கான நடையும் தேடலும் சேர்ந்ததுதான் என்பது சூஸியின் பதில். வெளியிலிருந்து வந்த கேமரா இதைக் காட்டியிருக்காது. பின்னர் சூஸி தன் தாய்க்கே கேமரா கற்றுக்கொடுக்க, தாய் மகளைப் படமெடுத்தார். இந்தப் படங்கள் 2002இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

நம் வகுப்பறையில்

நம் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடுகிறோம். உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் காணொலிகள் காட்டுகிறோம். சமூக அறிவியல் பாடத்தில் பழங்குடி மக்கள், கைத்தொழில்கள், விழாக்கள் வரும்போது ஒரு வீடியோ போட்டுவிட்டால் பாடம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம். மேலே சொன்ன அனுபவங்களிலிருந்து நான் வகுப்பில் பின்பற்றும் இரண்டு செயல்பாடுகளைப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் செயல்பாடு: ஒரே காட்சி, மூன்று பார்வை. மூன்று நிமிடத்துக்கு மேற்படாத ஒரு காட்சியைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் முறை எந்த விளக்கமும் தராமல் காட்டுங்கள். பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். "கோபமாக இருந்தார்" என்று எழுதினால், "கோபம் என்பதை எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். "குரலை உயர்த்தினார், கையை நீட்டினார்" என்று மாற்றி எழுதுவான். பார்த்ததற்கும் ஊகித்ததற்கும் உள்ள இடைவெளி அங்கேயே புலப்படும். இரண்டாம் முறை காட்டிய பின், தெரியாதவற்றைக் கேள்விகளாகப் பட்டியலிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில், யாரைக் கேட்டால் விடை தெரியும் என்றும் எழுத வேண்டும். மூன்றாம் முறை, ஆசிரியர் திரட்டிய தகவல்களோடு பார்க்க வேண்டும். முதலில் எழுதிய தாளைக் கிழிக்கக் கூடாது. அதன் கீழேயே திருத்தம் எழுத வேண்டும். தன் முதல் எண்ணம் எங்கே தவறியது என்று மாணவன் தன் கையெழுத்திலேயே பார்ப்பதுதான் இந்தப் பாடத்தின் பயன்.

இரண்டாவது செயல்பாடு: கேட்பவரும் எடுப்பவரும். ஊரிலுள்ள ஒரு தொழிலைப் பற்றி ஐந்து நிமிடப் படம். இருவர் இருவராகப் பிரிக்க வேண்டும். ஒருவர் கேட்பவர், முதலில் கேமரா இல்லாமல் இரண்டு முறையாவது போய்ப் பேசி, குறிப்பெழுதி வர வேண்டும். மற்றவர் எடுப்பவர், ஆசிரியரின் செல்போனில், ஆசிரியர் உடனிருக்க, அனுமதி பெற்று எடுக்க வேண்டும். அடுத்த படத்தில் இருவரும் பொறுப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். எடுத்த படத்தை வகுப்புக்குக் காட்டுவதற்கு முன் படத்தில் இருப்பவருக்குக் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்ற பகுதியை நீக்க வேண்டும். சேர்க்கச் சொன்னதைச் சேர்க்க வேண்டும். எந்தப் படமும் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகக் கூடாது.

கடந்த ஆண்டு இரண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவிகள், பனையோலைக் கொட்டான் முடையும் ஒரு பாட்டியைப் படமெடுத்தார்கள். விரல்கள் ஓடும் வேகம் அழகாக வந்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாட்டியிடம் காட்டினோம். பேசாமல் பார்த்துவிட்டு, "ஓலை எங்கடி கண்ணு?" என்றார். குருத்தோலை வெட்ட மரமேறும் ஆள் ஊரில் ஒருவர்தான் மிச்சம், அவருக்கும் வயதாகிவிட்டது, ஓலை வந்தால்தான் காயவைக்கவும் கிழிக்கவும் முடையவும் முடியும். "நான் முடையறதை எடுத்திட்டீங்க. அவன் ஏறலைன்னா நான் எதை முடைய?" அந்த இருவரும் மறுவாரம் மரமேறுபவரைத் தேடிப் போனார்கள். திருத்திய படத்தில் பாதிக்கு மேல் பனைமரமும் வெயிலில் காயும் ஓலையும்தான். சூஸி பெனாலியைப் பற்றி நான் அவர்களிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

படத்துக்கு வராதவர்கள்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பழமொழி. தீர விசாரிப்பது ஒருவரால் மட்டும் ஆகிற வேலை அல்ல. பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், அந்த மக்களைப் பல காலமாக அறிந்தவர் ஒருவர், அந்த வாழ்க்கையை வாழ்கிறவர் ஒருவர் என மூவரும் ஒரே காட்சிக்கு முன் உட்கார வேண்டியிருக்கிறது. ஹாடன் காலத்திலிருந்து ஜெரோவின் காலம் வரை மானிடவியலாளர்களும் இயக்குநர்களும் மெல்ல மெல்லக் கற்றது இதைத்தான்.

இன்று பள்ளி வளாகங்களில் கண்காணிப்புக் கேமரா வந்துவிட்டது. மாணவர் கையில் செல்போன் வந்துவிட்டது. ஒவ்வொரு சண்டைக்கும் இனி ஒரு வீடியோ இருக்கும். அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்லித்தான் ஒரு தாயைத் தலைகுனிய வைத்தேன்.

சமையல்கார அம்மா சொன்ன அன்று மாலையே அந்த மாணவனின் வீட்டுக்குப் போனேன். "முழுசா விசாரிக்காம பேசிட்டேன்பா, தப்பு என்மேலதான்" என்றேன். அவன் எதுவும் சொல்லவில்லை. அவன் அம்மாதான், "சார், உள்ள வந்து உட்காருங்க" என்றார். மறுநாள் பள்ளிக்கு வந்தான். வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். முதலில் அவனை நிற்க வைத்ததும் எல்லார் முன்னாலும்தானே. அதற்குப் பிறகு யாராவது என்னிடம் வீடியோவைக் காட்டினால் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, யாருக்குத் தெரியும்?"